பத்தொன்பதாவது நிமிடம்

ஆவடியிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, எடிட்டிங்குக்கு ஒரு சிஸ்டம் போடணும். அம்மா அறுபதாயிரத்துக்கு மேல ஒரு ரூபாகூட தர மாட்டாங்களாம். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நீங்க வந்தாதான் ஆகும்."

விஸ்காம் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்னும் மிச்சமிருக்கிற சின்ன லேத் பட்டறைகளைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டும். செல்போனில் எடுத்த 4கே காட்சிகள் ஆறு மணி நேரத்துக்கு இருக்கின்றன. லேப்டாப்பில் போட்டால் சத்தம் முன்னால் ஓடுகிறது, உருவம் திக்கித் திக்கிப் பின்னால் வருகிறது. போனை வைத்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 2003இல் இதே வார்த்தைகளை, இதே அவசரத்தோடு, அம்பத்தூர் ஓ.டி.யில் எங்கள் வீட்டு நடையில் நின்று நான் அப்பாவிடம் சொன்னேன். அறுபதுக்குப் பதில் இருபத்தெட்டு. அதில் இருபத்தைந்து அம்மா எடுத்த சீட்டுப் பணம்.

எனக்கு அந்த ஆசை வந்ததற்குக் காரணம் அக்கா கல்யாணம்தான். 1998, பூந்தமல்லியில் ஒரு மண்டபம். தோளில் சுமக்கிற பெரிய பானாசோனிக் கேமராவோடு ஒருவர், கண்ணைக் கூச வைக்கும் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன், அந்த விளக்கின் ஒயரைச் சுருட்டிச் சுருட்டி விட்டபடி இன்னொரு பையன். மூன்று வாரம் கழித்து மூன்று விஎச்எஸ் கேசட் வந்தது. கேசட் வாங்கப் போனபோது அந்த ஸ்டூடியோக்காரர் உள்ளே கூப்பிட்டு 'மிக்ஸிங்' காட்டினார். நம் ஊரில் யாரும் எடிட்டிங் என்று சொன்னதில்லை, மிக்ஸிங்தான். ஒரு விசிஆரில் மூல கேசட் ஓடும், இன்னொன்றில் புது கேசட் பதிவாகும், நடுவில் மிக்ஸர். தாலி கட்டும்போது இதய வடிவத்தில் படம் விரிகிறதே, அது அந்த மிக்ஸரில் ஒரு பட்டன்.

அந்த மனிதரின் கையை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு கை பாஸ் பட்டனில், இன்னொரு கை ஜாக் டயலில். கேசட்டில் மிக்ஸிங் செய்யும்போது பின்னால் போய்த் திருத்துகிற வசதி கிடையாது. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு, "ஐயோ, நாத்தனார் வந்ததை விட்டுட்டோமே" என்று நடுவில் ஒரு காட்சியைச் செருக வேண்டுமென்றால் அந்த இடத்திலிருந்து மிச்சம் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். இல்லையென்றால் முடிந்த வேலையைப் பார்த்து இன்னொரு கேசட்டில் நகல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு நகலுக்கும் படம் ஒரு பிடி மங்கும், சிவப்புச் சேலை ஓரத்தில் கசியும். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் இரவெல்லாம் விழித்து இந்த வேலையைச் செய்த ஆட்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். நம் குடும்பங்களின் ஞாபகத்தைக் கோத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். பெயர் போட்டுக்கொண்டதுகூடக் கிடையாது. கடைசியில் 'நன்றி, வணக்கம்' என்று ஒரு கார்டு, கீழே கடையின் போன் நம்பர், அவ்வளவுதான்.

சினிமாவில் அதற்கு முன்பே கம்ப்யூட்டர் வந்துவிட்டிருந்தது. 1994இல் வெளிவந்த 'மகாநதி' சமயத்தில் ஆவிட் தமிழ்ப் படத்துக்குள் நுழைந்தது. ஆனால் ஆவிட் என்பது லட்சங்களில் பேசுகிற விஷயம். வீட்டுக்கு வந்த வழி வேறு. 1995இல் ஜப்பானியக் கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்த டிவி என்கிற டிஜிட்டல் பதிவு முறை, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மினிடிவி கேசட், கேமராவையும் கம்ப்யூட்டரையும் நேராக இணைக்கிற ஃபயர்வயர் கேபிள். சோனி அதையே ஐ-லிங்க் என்று அழைத்தது. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் நகலெடுத்தால் மங்குகிற கதை முடிந்தது. டேப்பில் இருக்கும் எண்கள் அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு வந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகன் ஒரு ஹேண்டிகேம் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். கேமரா வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா?

அப்போது ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவது ஒரு நாள் வேலை. அம்பத்தூரில் ரயிலேறி பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர் என்று நின்று நின்று மூர்மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்குவோம். அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை வழியாக நடை. மவுண்ட் ரோட்டுக்குப் பின்பக்கம், காசினோ தியேட்டர் பக்கத்துச் சந்துகளில், ரேடியோ ஸ்பேர் விற்ற கடைகளாகத் தொடங்கி டிவி, டேப்ரெக்கார்டர் என்று வளர்ந்து கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்த தெரு அது. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்துதான் எல்லார் வாயிலும் ரிச்சி ஸ்ட்ரீட். நாலு கடை ஏறி கொட்டேஷன் வாங்கி, அதை ஐந்தாவது கடையில் காட்டி, அங்கே நூறு ரூபாய் குறைத்து வாங்குவது முறை. அப்பாவும் கூட வந்தார். எஸ்டேட்டில் டர்னராக இருந்தவர். மதர்போர்டைக் கையில் வாங்கி ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். கடைக்காரர் பதறி, "சார், ஸ்டேட்டிக் ஏறும், டச் பண்ணாதீங்க" என்றார். அப்பா உடனே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார்.

ஏஎம்டி ஆத்லான் எக்ஸ்பி, 512 எம்பி ராம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, பதினைந்து இன்ச் டப்பா மானிட்டர், சிடி ரைட்டர், தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஃபயர்வயர் கார்டு. கார்டோடு யூலீட் வீடியோஸ்டூடியோ சிடி இலவசம். கேபினெட்டும் அதற்குள் இருந்த எஸ்எம்பிஎஸ் என்கிற மின்சப்ளைப் பெட்டியும் சேர்த்து ஆயிரத்து முந்நூறு. இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்று போட ஆசையிருந்தது. பட்ஜெட் இடிக்கிறது என்று அதை அடித்துவிட்டோம். இந்த இரண்டு வரிகளையும் வாசகர் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டேப்பைக் கேப்சர் செய்வது பூஜை மாதிரி. ஒரு மணி நேர டேப் என்றால் ஒரு மணி நேரமும் அது ஓடியே ஆக வேண்டும். நொடிக்கு 3.6 எம்பி வீதம் விடாமல் வந்துகொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்க் ஒரு கணம் தடுமாறினால் ஃப்ரேம் விழுந்துவிடும். அதனால் ஸ்கிரீன்சேவர் கிடையாது, ஆன்டிவைரஸ் கிடையாது, மௌஸைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் மிக்ஸியும் கிடையாது, அதைப் போட்டால் மானிட்டரில் படம் ஒருமுறை சுருங்கி விரியும். "சட்னி அரைக்கணும், உன் படம் ஓடி முடிஞ்சுதாடா?" என்று அம்மா சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள்.

முதல் டேப்பே முழுதாக ஏறவில்லை. பத்தொன்பது நிமிடம் ஓடி நின்றது. திரும்பப் போட்டேன், மறுபடியும் நின்றது. கேபிளை மாற்றினேன், கார்டைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் செருகினேன், விண்டோஸை ஃபார்மட் அடித்துத் திரும்பப் போட்டேன். மூன்று நாள் ராத்திரி. கேமரா ஹெட் போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தேன். அப்பா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முறை முழுவதும் கவனித்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

"தினம் ஒவ்வொரு இடத்துல நின்னா ரிப்பேர். தினம் ஒரே இடத்துல நிக்குதுன்னா அது ரிப்பேர் இல்லடா, அளவு. எங்கயோ ஒரு ஸ்டாப்பர் வச்சிருக்கான். தேடு" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. சிஸ்டத்தை அசெம்பிள் செய்து கொடுத்த பையன் பழைய பழக்கத்தில் டிஸ்க்கை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருந்தான். நானும் திரும்ப அதையே செய்திருந்தேன். ஃபேட்32இல் ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. மினிடிவி காட்சிக்கு 4 ஜிபி என்பது சுமார் பத்தொன்பது நிமிடம். என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றினேன், ஒரு மணி நேரமும் ஏறியது. லேத்தில் வேலை செய்தவருக்கு ஸ்டாப்பர் என்றால் என்னவென்று தெரியும். ஒரு இயந்திரத்தைத் தெரிந்தவருக்கு எல்லா இயந்திரமும் கொஞ்சம் தெரியும் என்று அன்றைக்குப் புரிந்தது.

இப்போது நானும் அக்கா மகளும் போன ரயில் அதேதான். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், அரசினர் தோட்டம்; ரோட்டைக் கடந்தால் தெரு. ஆன்லைனில் எல்லாமே கிடைக்கிற காலத்தில் ஏன் போக வேண்டும் என்று அக்கா கேட்டாள். கையில் வாங்கி எடை பார்க்க வேண்டிய சாமான் ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ரயிலில் அவளுக்கு ஒரு கணக்குச் சொன்னேன், அவள் நம்பவில்லை. 2003இல் நான் எடுத்த ஒரு மணி நேரப் படத்துக்கு ஹார்ட் டிஸ்க்கில் 13 ஜிபி இடம் வேண்டும். அவள் வைத்திருக்கும் ஐபோனில் 4கே, நொடிக்கு 30 ஃப்ரேம் என்று எடுத்தால் ஆப்பிள் தருகிற கணக்கில் நிமிடத்துக்கு 170 எம்பி; ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 10 ஜிபி. என்னுடைய படம் 720க்கு 576 புள்ளி. அவளுடையது அதைப் போல இருபது மடங்கு. இருபது மடங்கு பெரிய படம், என் படத்தைவிடக் குறைந்த இடத்தில் அடங்கிவிடுகிறது.

"அப்ப என் லேப்டாப் ஏன் மாமா இப்படித் திணறுது?"

பூந்தமல்லிப் பக்கம் பூக்கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இதைச் சொல்வது சுலபம். அந்தக் காலத்து மினிடிவி முறை உதிரிப்பூ. ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு, தன் காலில் தான் நிற்கும். எதைக் கேட்டாலும் அதை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடலாம். இன்று அவள் போன் பதிவு செய்கிற எச்இவிசி முறை நெருக்கிக் கட்டிய சரம். முழுசாக ஒரு ஃப்ரேம், அதற்கப்புறம் வருவதெல்லாம் முன்னதற்கும் பின்னதற்கும் என்ன வித்தியாசம் என்கிற குறிப்பு மட்டும். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு பூவைக் கேட்டால் முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும். எடிட்டிங் என்பதே நடுவில் கேட்பதுதானே? முன்னும் பின்னும் இழுத்து, இந்தக் கண்சிமிட்டலா அதற்கு அடுத்ததா என்று தேடுவதுதான் வேலை. அன்று தடுமாறியது ஹார்ட் டிஸ்க். இன்று தடுமாறுவது இந்த முடிச்சை அவிழ்க்கிற இடம்.

அதனால் குறைந்த பட்ஜெட்டில் சிஸ்டம் போடுகிற எல்லாருக்கும் நான் சொல்வது இது: முடிச்சு அவிழ்ப்பதற்கென்றே சில்லுக்குள் தனியாக ஓர் உறுப்பு வைத்திருக்கிறார்கள், அது இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் ப்ராசஸர்களில் அதற்குப் பெயர் குவிக் சிங்க், 2011இலிருந்து வருகிறது. அது உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸோடு சேர்ந்தது. ப்ராசஸர் பெயருக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்தக் கிராஃபிக்ஸ் கிடையாது, விலை கொஞ்சம் குறையும். கேம் ஆடுகிறவர்கள் தனியாகக் கார்டு போடுவதால் அவர்களுக்கு எஃப் லாபம். கார்டு வாங்கக் காசில்லாத எடிட்டருக்கு அது நஷ்டம். மென்பொருளும் அந்த உறுப்பைப் பயன்படுத்தத் தெரிந்ததாக இருக்க வேண்டும். கடையில் முதலில் ஐ5-12400எஃப் என்றுதான் எழுதினார்கள். எஃப் இல்லாததைக் கேட்டு வாங்கினோம்.

கிராஃபிக்ஸ் கார்டு இல்லை என்றதும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. வகுப்பில் எல்லாரும் டாவின்சி ரிசால்வில் வேலை செய்கிறார்கள், அது நல்ல கார்டு கேட்கும். ஒரு காலத்தில் டாவின்சி என்றால் சினிமா லேப்பில் கலர் திருத்துகிற, லட்சக்கணக்கான டாலர் பெறுகிற இயந்திரம். 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் அந்தக் கம்பெனியை வாங்கியது, 2011இல் இலவசப் பதிப்பை விட்டது. ஆவடியில் ஒரு மாணவி வீட்டில் உட்கார்ந்து அதை இறக்கிக்கொள்ள முடிகிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு மனம் நிறைகிறது. கார்டைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், ஸ்லாட் இருக்கிறது. அதுவரை ப்ராக்ஸி. பெரிய படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நகல் செய்துகொண்டு, வெட்டுவதெல்லாம் நகலில். கடைசியில் வெளியே எடுக்கும்போது மென்பொருள் தானாக மூலத்துக்குப் போய்விடும். ரிசால்வ் மட்டுமில்லை, ஷாட்கட், கேடன்லைவ் மாதிரி இலவச மென்பொருள்களிலும் இது உண்டு. கோடம்பாக்கத்தில் ஃபிலிம் இருந்தவரை இதுதான் வழக்கம். எடிட்டர் ரஷ் பிரிண்டை வெட்டி ஒட்டுவார். எல்லாம் முடிவான பிறகு நெகட்டிவைத் தொடுவார்கள். அவளிடம் இதைச் சொன்னபோது முகம் கொஞ்சம் தெளிந்தது.

அடுத்த இடி ராம். ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் தோழி வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள். நாலு கடையிலும் அதேதான், பேரமே இல்லை. உலகத்தில் எங்கே மழை பெய்தாலும் ரிச்சி ஸ்ட்ரீட் நனையும். 1999இல் தைவானில் பூகம்பம் வந்தபோது ராம் விலை ஏறியது. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தபோது ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. இந்த முறை ஏஐக்காகக் கட்டுகிற டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் என்கிற, நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. டேட்டா சென்டர் என்றால் எங்கேயோ அமெரிக்காவில் என்று நினைக்க வேண்டாம். எங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே என்டிடி, டிஜிட்டல் கனெக்‌ஷன் என்று எழும்பி நிற்கின்றன. 1960களில் அரசாங்கம் போட்ட எஸ்டேட். அப்பா சைக்கிளில் போன அதே ரோடுகள். லேத் ஓடிய ஷெட்டுகளுக்குப் பக்கத்தில் இப்போது ஜன்னல் இல்லாத கட்டடங்கள். அக்கா மகள் எடுக்கிற படமும் அதைப் பற்றித்தான். 32 ஜிபி என்று போட்டிருந்ததை 16 ஆக்கினோம். இன்னொரு குச்சி போடக் காலி ஸ்லாட் இருக்கிறது, விலை இறங்கட்டும்.

கேபினெட் கடையில் கொஞ்சம் சண்டை வந்தது. கண்ணாடிக் கதவு, முன்னால் மூன்று வண்ண விளக்கு ஃபேன். "எஸ்எம்பிஎஸ் கூடவே வருது மாமா. தனியா வாங்கினா நாலாயிரம். அந்தக் காசுல எஸ்எஸ்டிய பெருசா போட்டுக்கலாமே?" என்றாள். கடைக்காரர் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து மேசையில் வைத்தார். தூக்கிப் பார்த்தேன். கையில் எடையே இல்லை. 2003இல் என் கேபினெட்டோடு வந்ததும் இப்படித்தான் இருந்தது, நான் தூக்கிப் பார்க்கவில்லை.

அங்கேயே, கடை வாசலில் நின்று அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். அவள் அதுவரை அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறாள்.

2004இல் அப்பா ரிட்டையர் ஆன வாரம். மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஒரு டேப் முழுக்க அவரைப் பேச வைத்தேன். வெட்கப்பட்டார். கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்ததும் பேச்சு வந்துவிட்டது. முதல் நாள் வேலைக்குப் போனது, மேஸ்திரி காது திருகியது, டூலைச் சாணை பிடிப்பது, மழுங்கிய டூலைக் கண்ணால் பார்க்காமலே சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது என்று ஒரு மணி நேரம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றிய கையோடு அந்த டேப்பை அடுத்த வாரம் ஒரு காதுகுத்துக்குத் திரும்பப் பயன்படுத்தினேன். டேப் ஒன்று இருநூறு ரூபாய்க்குப் பக்கம். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். அந்த நாட்களில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

2006 ஐப்பசி, நல்ல மழை. கரண்ட் போய் வந்தது. மேசைக்குக் கீழே 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் நாற்றம். எஸ்எம்பிஎஸ்ஸின் வேலை சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக அடக்கி உள்ளே அனுப்புவது. நல்ல எஸ்எம்பிஎஸ் சாகும்போது தான் மட்டும் சாகும்; மின்அழுத்தம் எல்லை தாண்டினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு அதற்குள் இருக்கும். மலிவானது போகும்போது கூட இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். மதர்போர்டு போனது. ஹார்ட் டிஸ்க்கின் அடிப்பலகையில் ஒரு சில்லு கொப்புளம் மாதிரி வெடித்திருந்தது. தரவை மீட்டுத் தருகிறவர்களிடம் எடுத்துப் போனேன். அவர்கள் சொன்ன தொகை கம்ப்யூட்டர் விலையைத் தொட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டிஸ்க்கைத் துணியில் சுற்றி வைத்தேன். அப்பா திட்டவில்லை. "போனா போகுது, நான்தான் இருக்கேனே, திரும்ப உக்காந்து பேசிட்டாப் போச்சு" என்றார். நாளை நாளை என்று தள்ளினேன். 2009இல் அவர் போய்விட்டார்.

வாசலில் அவள் ஒன்றும் பேசவில்லை. திரும்பி உள்ளே போய் விளக்கு இல்லாத சாதாரணக் கேபினெட் ஒன்றைக் காட்டி, "அண்ணா, இது போதும். எஸ்எம்பிஎஸ் தனியா, நல்லதா ஒண்ணு காட்டுங்க" என்றாள். 550 வாட்ஸ், 80 ப்ளஸ் ப்ரான்ஸ், ஐந்து வருட வாரண்டி. தூக்கிப் பார்த்து வாங்கினோம். 500 ஜிபி எஸ்எஸ்டி, 2 டிபி ஹார்ட் டிஸ்க், அதோடு கையில் எடுத்துப் போகிற 2 டிபி டிஸ்க் ஒன்று. பட்ஜெட்டில் எதை வேண்டுமானாலும் குறைக்கலாம், ப்ராசஸரில் ஒரு படி இறங்கலாம், கார்டை ஒத்திப்போடலாம், ராமைப் பாதியாக்கலாம். அதெல்லாம் நாளைக்குக் காசு வந்தால் மாற்றிக்கொள்கிற சாமான். எஸ்எம்பிஎஸ்ஸும் இரண்டாவது டிஸ்க்கும் அப்படியில்லை, அவை காப்பது கடையில் கிடைக்காததை. எல்லாம் சேர்ந்து ஐம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். மானிட்டருக்கு அக்கா வீட்டு டிவி.

அப்பாவின் ஒரு மணி நேரத்தில் மிஞ்சியது ஒரு விசிடி. அன்றைக்கே ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டு இரண்டு சிடி போட்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சிடி போய்விட்டது. வீட்டில் எழுதுகிற சிடியில் தகவல் நிற்பது ஒரு சாயப் பூச்சில்; ஜன்னல் வெயில் பட்டு அது வெளுத்துவிட்டது. ஆவடியில் அக்கா வீட்டுப் பரணில், இருட்டில் கிடந்த சிடி பிழைத்திருந்தது. புது சிஸ்டத்தில் சிடி டிரைவே கிடையாது. கல்லூரித் தோழன் ஒருவனிடம் யூஎஸ்பி டிரைவ் கடன் வாங்கி வந்தாள். இரண்டு இடத்தில் முனகியது, திரும்ப முயன்றது, படித்துவிட்டது.

படம் பரிதாபம். விசிடி என்றால் 352க்கு 288. என் டேப்பில் இருந்த புள்ளிகளில் நாலில் ஒரு பங்கு, தகவலில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அப்பாவின் விரல்கள் ஆடும்போதெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. அக்கா மகள் ஏஐ வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் பளிச்சென்று வந்தது. கன்னத்து மச்சம் இல்லை. முன்பல் இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி அடைபட்டுவிட்டது. மைக்ரோமீட்டரின் கோடுகள் எல்லாம் ஏதோ ஒரு மொழியின் எழுத்து மாதிரி ஆகியிருந்தன. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது தாத்தா இல்ல மாமா" என்று அழித்துவிட்டாள். எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது. இல்லாத தகவலை யாராலும் கொண்டுவர முடியாது. அந்த மென்பொருள் செய்தது வேறு யாரோ ஒரு கிழவரை வரைந்து கொடுத்ததுதான்.

ஆனால் குரல் இருந்தது. விசிடி முறையில் படத்தை அவ்வளவு நெருக்கியவர்கள் ஒலியை அந்த அளவுக்கு நெருக்கவில்லை: 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, நொடிக்கு 224 கிலோபிட். நல்ல ஹெட்போனில் கேட்டால் மாடிப்படியில் அப்பா செருப்பை உதறிவிடுவதுகூடக் கேட்கிறது. அவர் மூச்சு வாங்கி, தொண்டையைச் செருமி, "டூல் கூர்மையா இருந்தா வண்டு மாதிரி ஒரே சீரா பாடும்டா. மழுங்கினா கத்தும். காது இருந்தா போதும்" என்கிறார். அக்கா மகள் அந்த வார்த்தைகளை அவள் பட்டறையில் எடுத்த ஒரு லேத்தின் மேல் வைத்தாள். சீவல் சுருள் சுருளாக எழும்புகிறது, பின்னணியில் லேத்தின் சத்தம், அதன்மேல் இருபது வருடத்துக்கு முந்தைய குரல். முகத்துக்கு அந்த விசிடி படத்தையே, பெரிதாக்காமல், கறுப்புத் திரையின் நடுவே அஞ்சலட்டை அளவில் வைத்திருக்கிறாள்.

வெட்டி முடித்ததை அம்பத்தூருக்குக் கொண்டுவந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். அப்பா பேசுகிற இடத்தில் அடியில் 'உர்ர்' என்று ஒரு இரைச்சல். "பாட்டி, இந்தச் சத்தத்த மட்டும் எடுத்துடப் போறேன். இப்ப அதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்கு, ஒரு நிமிஷ வேலை" என்றாள்.

அம்மா ஒரு கையால் காதை மடக்கி வைத்துக்கொண்டு திரும்பப் போடச் சொன்னாள். இரண்டு முறை கேட்டாள்.

"எடுக்காதடி. கீழ நான் மிக்ஸி போட்டிருக்கேன்."

இப்போது அந்த ஒரு மணி நேரம் மூன்று டிஸ்க்கில் இருக்கிறது. ஒன்று ஆவடி சிஸ்டத்தில். ஒன்று அக்கா மகளின் பையில். மூன்றாவதை நானே வாங்கி, அம்மாவின் பீரோவில் கல்யாணப் பட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். துணியில் சுற்றிய பழைய 80 ஜிபியும் அங்கேதான் இருக்கிறது.